84 மாத்திரைகள்

மாத்திரை எண்ணுவதுதான் என் பிழைப்பு. ஒரு பலதுறை மருந்தகத்தின் மருந்துப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். நீரிழிவுக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. சிங்கப்பூரின் மும்மூர்த்திகள் இவைதான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று தமிழிலும் மலாயிலும் உடைந்த ஹொக்கியனிலும் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

மலாயில் மருந்துக்கு 'உபாட்' என்று பெயர். என் கவுன்டரில் பாட்டிமார் "உபாட் செபெலும் மாக்கான்?" என்று கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு நொடி உள்ளே எதுவோ சுருங்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அண்ணனின் கூட்டத்தில் உபாட் என்றால் ஹெராயின்.

அண்ணன் 1968இல் பிறந்தவன். எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். அவன் முதன்முதலாக 'உள்ளே' போனபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அண்ணன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். திரும்பி வந்தவனிடம் "கப்பல்ல என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா அடுப்பைப் பார்த்தாள். அதற்கப்புறம் போதை மறுவாழ்வு நிலையம், சிறை, இடைநிலை இல்லம், வேலை, மறுபடியும் உள்ளே. அந்தச் சுற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது அவனுடைய கல்லீரலைப் பற்றி.

இங்கே அந்தக் காலத்து ஆட்களில் பெரும்பாலோர் ஹெராயினைப் புகையாகத்தான் இழுத்தார்கள். தகரத்தாளில் வைத்துக் கீழே நெருப்புக் காட்டி இழுப்பது. என் அண்ணனும் அப்படித்தான். ஊசி அவன் வாழ்க்கையில் பின்னால்தான் வந்தது, அதுவும் சிகிச்சை என்ற பெயரில் வந்த ஒரு மாத்திரையின் வழியாக. 2000களின் தொடக்கத்தில் ஹெராயினை விடுவதற்கென்று சப்யூடெக்ஸ் மாத்திரையைத் தனியார் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை. முறையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு அது உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டம் அதைத் தண்ணீரில் கரைத்து, தூக்க மாத்திரையோடு கலந்து, நரம்பில் ஏற்றிக்கொண்டது. ஒரே ஊசி நாலு கைக்குப் போனது. 2006 ஆகஸ்டில் அரசாங்கம் அதை 'ஏ' வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் அண்ணனின் இடது முழங்கையின் உட்பக்கம் கறுத்துப் போயிருந்தது. ஏதோ ஒரு ஊசியில், யாரோ ஒருவரின் ரத்தத்தோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் உள்ளே போயிருக்கிறது. எந்த நாள், யாருடைய ஊசி என்பது அவனுக்கே தெரியாது. காய்ச்சல்கூட வந்ததாக நினைவில்லை என்கிறான்.

2014இல் அவனாகவே விரும்பி ஒரு போதை சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தான். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் காட்டினான். 'ஆன்டி-எச்சிவி: ரியாக்டிவ்' என்று ஒரு வரி. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

அந்த வரியை இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இதில் பலர் குழம்புகிறார்கள். அது எதிர்ப்பொருள் சோதனை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுவது. வீட்டு வாசலில் செருப்பு கிடக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். செருப்புக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா, செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்று சொல்லாது. கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அது தானாகவே போய்விடும். மற்றவர்களுக்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கினால் இருபது வருஷத்தில் நூறில் 15 முதல் 30 பேருக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும், சிலருக்கு அது புற்றுநோயில் போய் முடியும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு ஆர்என்ஏ சோதனை என்று இன்னொன்று உண்டு. அண்ணனுக்கு அதைச் செய்யவில்லை. ஒரு பொது மருத்துவமனையின் கல்லீரல் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தேதி.

அவன் போகவில்லை.

அந்த மூன்று மாதத்தில் அவன் துவாஸில் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தான். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாட்கள் ஒரு பக்கம், அந்த நாட்களை முதலாளிக்குத் தெரியாமல் சமாளிப்பது இன்னொரு பக்கம். கைப்பேசி எண்ணையும் மாற்றியிருந்தான். பழைய சகவாசத்தை அறுக்க எண்ணை மாற்றச் சொல்லி ஆலோசனை கொடுத்ததே அந்தத் திட்டத்தில்தான். மருத்துவமனை அனுப்பிய நினைவூட்டல் குறுஞ்செய்தி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போயிருக்கும். வரவில்லை என்று மருத்துவமனை அவனைத் தேடவில்லை. போனானா என்று திட்டத்திலும் கேட்கவில்லை. ஒருமுறை அவனே அங்கிருந்த ஆலோசகரிடம் பேச்சை எடுத்தபோது, "அது வேற டிப்பார்ட்மென்ட், நாம இப்ப உங்க பழக்கத்துல கவனம் வைப்போம்" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மேசையில் கல்லீரல் இல்லை, அவ்வளவுதான்.

என் மேசையில் இருந்தது. அந்தத் தாளை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல இதை விடு அண்ணே. அதை அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' எட்டு வருஷம் இழுத்தது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்த சிகிச்சை இன்டர்ஃபெரான். வாரத்துக்கு ஒரு ஊசி, கூடவே மாத்திரை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ. உடம்பு முறுக்கும், முடி கொட்டும், மனசு இருண்டு போகும். தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகக்கூடிய மருந்து என்று எங்களுக்குப் பாடத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். ஊசியை விடப் போராடிக்கொண்டிருக்கும் ஒருவனின் குளிர்சாதனப் பெட்டியில் வாராவாரம் ஒரு ஊசியை வைப்பதா? அண்ணனுக்கும் அதுதான் பயம். "வலிக்குப் பயமில்லடா, ஊசியைப் பாத்தா எனக்கு ஆசை வந்துடும்லா" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. (எரிச்சல் வந்தால் என்னையும் 'டா' போட்டுத்தான் பேசுவான்.)

ஆனால் அந்த நியாயம் அப்போதே பழசாகிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பரிலேயே அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் அங்கே ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அந்த விலையைப் பார்த்துவிட்டு, இது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அடுத்த சில வருஷங்களில் ஊசியே வேண்டாம், நாளுக்கு ஒரு மாத்திரை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம், நூறில் 95 பேருக்கு மேல் முழுக்குணம் என்ற நிலைமை வந்துவிட்டது. விலையும் கீழே இறங்கியது. மருந்துத் துறையிலேயே இருந்துகொண்டு இதை அண்ணனோடு சேர்த்து யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. அவன் என் மனசில் நோயாளியாக இல்லை. தண்டனை அனுபவிக்கிறவனாக இருந்தான்.

அம்மாவின் வழியே தனி. கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு மஞ்சள்காமாலைதான். காமாலை என்றால் கீழாநெல்லி. தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டியில் களையாக முளைத்திருந்ததைப் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, அண்ணன் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுப்பாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். பிறகு அவனை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் இமையை விலக்கிப் பார்ப்பாள். "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு. எல்லாம் போயிடுச்சு." சிக்கலே அங்கேதான். ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்காது. கண் மஞ்சளாகும்போது அனேகமாகக் காலம் கடந்திருக்கும். நம் மொழியில் கல்லீரல் நோய்க்கென்று இருக்கும் பெயரே நிறத்தை வைத்து வந்தது என்பதால், நிறம் மாறாத ஒன்று வீட்டுக்குள் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

கீழாநெல்லியைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க், சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே கீழாநெல்லியைச் சோதித்து, 1988இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தொடக்க முடிவுகள் நம்பிக்கை தந்தன, பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28ஐத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பி. அண்ணனுக்கு இருந்தது சி. அதற்கு 1989இல்தான் பெயரே வைத்தார்கள், அதுவரை 'ஏயும் இல்லை, பியும் இல்லை' என்றுதான் அழைத்தார்கள். பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 1987இலிருந்து சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் போடுகிறார்கள். சிக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "ரெண்டும் வேறம்மா" என்றேன். "எல்லாம் ஒரே ஈரல்தானே" என்றாள்.

அண்ணி பிரிந்து போய் வெகுகாலமாகிவிட்டது. அம்மா வீட்டில் அவனுக்கென்று தனி டம்ளர் இருந்தது. அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. அதை வைத்தது அம்மா இல்லை, என் கணவர். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம். நானும் பேசாமல் இருந்தேன். டம்ளரால், சாப்பாட்டால், கட்டிப்பிடிப்பதால் இது ஒட்டாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ரத்தத்தால்தான் ஒட்டும். தனியாக வைக்க வேண்டியது சவரக்கத்தி, நகவெட்டி, பல்துலக்கி. வேடிக்கை என்னவென்றால், குளியலறையில் என் கணவரின் சவரக்கத்தியை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். டம்ளரைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தெரிந்தபோது இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சோதித்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை.

2022இல் அண்ணன் வேறொரு இடத்தில், மறுபடி வழுக்காமல் இருப்பதற்கான வாராந்தரக் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஒரு தாதி. மலாய்க்காரப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. குழு முடிந்து ஆட்கள் மைலோ குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து, "ஹெப் சி எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். அண்ணன் பழைய கதையைச் சொன்னதும், "இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லாமல், அதே அறையில், அதே நாற்காலியில் ரத்தம் எடுத்தாள். அவன் கையில் நரம்பு கிடைக்காது, எல்லாம் அவனே கெடுத்து வைத்தது. எங்கே குத்தினால் கிடைக்கும் என்று அவனிடமே கேட்டாளாம். "என் கையைப் பாத்து முகத்தைச் சுளிக்காம, எங்கிட்டயே வழி கேட்டுச்சு அந்தப் பொண்ணு" என்று அவன் சொல்லும்போது, ஐம்பத்து நாலு வயது ஆள், குரல் கொஞ்சம் உடைந்தது.

கிருமி உள்ளேதான் இருந்தது. கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேனில் 11 சொச்சம். இறுகிப்போன ஈரல் என்று சொல்ல இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. 2014இல் பார்த்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். மருத்துவமனை தேதியை அந்தத் தாதியே தொலைபேசியில் வாங்கினாள், அவனுடைய இரவு வேலைக்குத் தோதாகக் காலை ஒன்பதரைக்கு. மருத்துவ சமூகப் பணியாளரிடம் மானியப் படிவத்தையும் அவளே தொடங்கி வைத்தாள். முதல் நாள் கூடவும் போனாள்.

எனக்கு இதில் பிடிபட்டது ஒன்றுதான். போதை சிகிச்சைக்கு வருகிறவன் ஏற்கெனவே ஒரு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறான். அந்த வாசலுக்கு வரவே அவனுக்குப் பாதி உயிர் போயிருக்கும். அவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து இன்னொரு வாசலுக்கு அனுப்பினால், நடுவில் இருக்கும் தெருவில் அவன் தொலைந்துவிடுவான். ஹெபடைட்டிஸ் சோதனையும் மாத்திரையும் அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே வர வேண்டும். வெளிநாடுகளில் சில இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்தைத் தினமும் வாங்க வருகிறவருக்கு அதே ஜன்னலில் கல்லீரல் மாத்திரையையும் கொடுத்து, கண்முன்னால் விழுங்க வைப்பது. நம்மிடம் மெதடோன் ஜன்னல் இல்லை, சிங்கப்பூரின் வழி வேறு, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் நம்மிடமும் அவர்கள் வாராவாரம் வந்தே தீர வேண்டிய அறைகள் இருக்கின்றன.

'முதலில் திருந்தட்டும்' என்ற என் பழைய எண்ணம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களின் அரசுக் காப்பீடு, இத்தனை மாதம் போதை இல்லாமல் இருந்தால்தான் மருந்துக்குப் பணம் என்று வெகுநாள் விதி வைத்திருந்தது. ஆஸ்திரேலியா 2016 மார்ச்சில் அதற்கு நேர்மாறாகப் போனது. இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் உட்பட யாராக இருந்தாலும் மானிய விலையில் மருந்து, சாதாரண மருத்துவரே எழுதலாம். யோசித்தால் கணக்கு எளிது. ஊசி பகிர்கிறவரின் ரத்தத்தில் கிருமி இல்லையென்றால் அடுத்த கைக்குப் போவதற்கும் ஒன்றுமில்லை. இந்தக் கணக்குப் புரிய எனக்கு என் அண்ணன் தேவைப்பட்டான். என் படிப்பு போதவில்லை.

மருந்து ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கியது. சோஃபோஸ்புவிரும் வெல்பாட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை. இளஞ்சிவப்பு, சாய்சதுர வடிவம், ஒரு குப்பியில் 28. மூன்று குப்பி. முதல் குப்பியைப் பார்த்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "அண்ணே, கேஸ்ட்ரிக்குக்கு என்ன குடிக்கிறே?" மாமாக்கடையில் வாங்கும் வெள்ளைத் தண்ணி மருந்தைத் தினமும் வேலை முடிந்து வந்ததும் குடிப்பதாகச் சொன்னான். மாத்திரையைப் போட நினைத்திருந்ததும் அதே நேரம். வயிற்று அமிலம் குறைந்தால் வெல்பாட்டாஸ்விர் சரியாக உடம்பில் ஏறாது, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும். டாக்டர் கேட்டபோது "வேற மருந்து எதுவும் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். அவன் கணக்கில் கேஸ்ட்ரிக் தண்ணி மருந்தே இல்லை. நானே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

ஏற்பாடு இதுதான். காலை எட்டரைக்கு வேலையிலிருந்து வந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் பத்து மணி தேநீர் இடைவேளையில் பார்ப்பேன். நாற்பத்திரண்டு நாள் ஒழுங்காக வந்தது. ஒரே உள்ளங்கை, அதே ரேகை, நடுவில் இளஞ்சிவப்பு.

நாற்பத்து மூன்றாம் நாள் வரவில்லை. திங்கட்கிழமை. எங்கள் கவுன்டரில் திங்கள் எப்படி இருக்கும் என்று அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். பத்து மணிக்குப் பார்த்தேன், இல்லை. பதினொன்றுக்குக் கழிவறைக்குப் போய் அழைத்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. அவன் அணைத்து வைத்த கைப்பேசிகளுக்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு சரித்திரம் உண்டு. பன்னிரண்டுக்கு அவசர விடுப்புச் சொல்லிவிட்டு பூன் லேக்கு ரயில் ஏறினேன். ஓரறை வாடகை வீடு, இன்னொரு முதியவரோடு பகிர்ந்து இருக்கிறான். அந்த முதியவர்தான் கதவைத் திறந்தார். அண்ணன் பாயில் கவிழ்ந்து கிடந்தான். என் நெஞ்சு நின்றுவிட்டது. அப்புறம் குறட்டை கேட்டது.

அவனை எழுப்பவில்லை. ஜன்னல் ஓரம் இருந்த குப்பியை எடுத்து, ஒரு சுத்தமான தட்டில் கொட்டி, அங்கே கிடந்த கரண்டியின் காம்பால் ஐந்து ஐந்தாகத் தள்ளினேன். வேலையில் செய்வது போலவே. ஐந்து, பத்து, பதின்மூன்று. இரண்டாவது குப்பியில் பதினைந்து போயிருக்க வேண்டும், பதினைந்து போயிருந்தது. மறுபடியும் எண்ணினேன். கை நடுங்கியதில் ஒரு மாத்திரை தட்டை விட்டு உருண்டு பாய்க்கு அடியில் போனது. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டான்.

என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "சார்ஜர் கெட்டுப் போச்சுடா" என்றான். பிறகு, "மாத்திரையை எண்ண வந்தியா, என்னை எண்ண வந்தியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் எழுந்து பாயைத் தூக்கி, அந்த மாத்திரையை எடுத்துத் துடைத்துக் குப்பியில் போட்டான். (விதிப்படி அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை.) கீழே கோப்பிக்கடையில் தே ஓ வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு வேலைக் கதை, மாடிவீட்டுச் சீனக் கிழவரின் பூனைக் கதை எல்லாம் பேசினான். மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி மாத்திரை அக்டோபர் 23. மறுநாள் தீபாவளி. அம்மா வீட்டில் ஆட்டுக்கறி, இவருடைய நண்பர்கள் கொண்டுவந்த பீர். அண்ணன் கேனைத் தொடவில்லை, பண்டோங் குடித்தான். அவன் கையில் இருந்தது அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளர். இவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார். "பரவாயில்ல மச்சான், இது எனக்குப் பழகிடுச்சு" என்று அண்ணன் சொன்னான். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் கிருமி இல்லையென்றால் குணம் என்று கணக்கு. பொங்கல் முடிந்த வாரம் எடுத்தார்கள். 'நாட் டிடெக்டட்'. இருபது வருஷமாகச் சிறுநீர்த் தாள்களில் அவன் எதிர்பார்த்துப் பயந்த அதே வகைச் சொல், இந்தத் தடவை ஈரலுக்கு. ஆனால் வாசலில் செருப்பு என்றைக்கும் கிடக்கும். எதிர்ப்பொருள் சோதனை செய்தால் வாழ்நாள் முழுக்க 'ரியாக்டிவ்' என்றுதான் வரும், எங்கே போனாலும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். மறுபடி தொற்றவும் கூடும், ஒருமுறை குணமானால் அது கவசம் ஆகாது. ஈரல் அவ்வளவு தூரம் தழும்பேறிவிட்டதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேறு, புற்றுநோய் எட்டிப் பார்க்கிறதா என்று. "குணமானவனுக்கு எதுக்குடா ஸ்கேன்?" என்று முதல் தடவை சண்டை போட்டான். அந்த எட்டு வருஷத்துக்கான வட்டி என்று நினைத்தேன், சொல்லவில்லை.

போன ஸ்கேனுக்கு நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் இரவு அழைத்தான். "வெறும் வயித்தோட போகணும், அவ்வளவுதானே? நீ வராத, நானே போய்க்கிறேன்." சரி என்றேன். மறுநாள் பத்து மணி இடைவேளையில் கைப்பேசியை எடுத்தபோது ஒரு படம் வந்திருந்தது. நான் கேட்கவில்லை. அதே உள்ளங்கை, நடுவில் வரிசை எண் சீட்டு.